பத்துக்கு ரெண்டு

மேல்படிப்பு படிக்கிற டாக்டர்கள் எல்லோரும் ஒரு தீசிஸ் எழுதியாக வேண்டும். அதை யாரும் படிப்பதில்லை. எழுதியவர்களே இரண்டாம் முறை புரட்டுவதில்லை. என்னுடையது நீல அட்டை போட்டு ஒரு கல்லூரி நூலகத்தில் கிடக்கிறது. அதன் கடைசிப் பக்கங்களில் உள்ள பட்டியலில் என் சித்தப்பா இருக்கிறார். பெயர் கிடையாது, வரிசை எண் மட்டும். ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் அவருடைய வலி பத்திலிருந்து இரண்டுக்கு இறங்கியதாக அவர் எண்ணுக்கு நேரே அச்சாகியிருக்கிறது. அது பொய். சொல்லிக்கொடுத்தவள் என் அம்மா, சொன்னவர் சித்தப்பா, எழுதியவள் நான். அந்தப் பொய்யில் எனக்குப் பட்டம் கிடைத்தது, அவருக்குக் கிட்னி போனது.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. டெல்டாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும். கோடை தொடங்கினால் அங்கே கல்லடைப்புக்காரர்கள் வந்து குவிவார்கள். வயலில் வேகாத வெயிலில் நின்று, தண்ணீர் குடிக்க மறந்து, கடைசியில் விலாவைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் சுருண்டு வருவார்கள். எங்கள் கைடு, அதாவது என் தீசிஸை மேற்பார்வை பார்த்த பேராசிரியர், அதையே எனக்குத் தலைப்பாகக் கொடுத்தார்: கல்லடைப்பு வலிக்கு வீக்கம் குறைக்கும் ஊசி எவ்வளவு தூரம் வேலை செய்கிறது?

கல் போய்ச் சிறுநீர்க்குழாயில் உட்கார்ந்துகொண்டால் கிட்னி சும்மா இருக்காது. கீழே வழியில்லை என்று தெரியாமல் அது பாட்டுக்குச் சிறுநீரைச் சுரந்துகொண்டே இருக்கும். அழுத்தம் ஏறும், குழாய் வீங்கும், ஆள் துடிப்பான். பிரசவமே தேவலை என்று சொன்ன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஊசி வீக்கத்தை அடக்கும். கூடவே கிட்னிக்குப் போகிற ரத்தத்தையும் கொஞ்சம் குறைக்கும். வரத்து குறைந்தால் அழுத்தம் குறையும், வலியும் குறையும். நல்ல கிட்னி இதை ஓரிரு நாள் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே நொந்துபோன கிட்னி தாங்காது. அதனால் வலி மாத்திரை சாப்பிடும் பழக்கம் உள்ளவர்களை என் ஆய்வில் சேர்க்கக் கூடாது என்பது முதல் விதி.

வந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஊசி, மீதிப் பேருக்கு டிரிப்பில் வேறொரு வலி மருந்து. யாருக்கு எது என்பதை ஒட்டிய கவரைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்துக்கு முன்னால் ஒரு தடவை, அரை மணியில் ஒரு தடவை, ஒரு மணியில் ஒரு தடவை, ஒரே கேள்விதான். வலி பத்துக்கு எத்தனை? எண் சொல்ல வராதவர்களுக்குக் காட்ட, சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம்வரை வரைந்த அட்டை ஒன்று என் கோட்டுப் பையில் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் நான்குக்கு மேல் சொன்னால் படுக்கை கொடுத்து உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் மாத்திரை கொடுத்து, வேறொரு நாளைக்கு ஸ்கேன் சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இந்த இரண்டாவது விதிதான் சித்தப்பாவைச் சாய்த்தது.

எங்கள் ஊர்க்காரர்களிடம் பத்துக்கு எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். "உசுரு போவுதுங்க" என்பார்கள். அது எத்தனைங்க என்று விடாமல் கேட்டால், "நீங்களே பாத்துப் போட்டுக்குங்கம்மா" என்பார்கள். ஒருவர் என் கையிலிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றுகூடத் தன் முகம் மாதிரி இல்லையே என்று வருத்தப்பட்டார். இப்படி ஒரு வருஷம் போனது. அறுபது பேர் தேவை. நாற்பத்தேழில் நின்றுவிட்டேன்.

"கேஸ் புடிக்கத் தெரியலன்னா ஊருக்குப் போய் நாத்து நடும்மா," என்றார் கைடு. "உங்க ஆளுங்களுக்குப் பழக்கம்தானே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னதைக்கூட மறந்துவிடுவேன், நான் சிரித்ததை மறக்க முடியவில்லை. நன்னிலத்துப் பக்கம் எங்கள் தெருவிலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான். இடம் கிடைத்த அன்று தெரு முனையில் என் படத்தைப் போட்டு ஆள் உயரத்துக்கு ஃப்ளக்ஸ் வைத்தார்கள். அந்த முகத்தோடுதான் சிரித்தேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அப்பா இறந்தபிறகு வீட்டில் அம்மா மட்டும்தான். அடுத்த வீடு அப்பாவின் தம்பி, என் சித்தப்பா வீடு. அம்மா வாசலில் உட்கார்ந்து கெண்டை மீனை உரசிக்கொண்டிருந்தாள். நான் எரிச்சலில் கொட்டினேன். போன வாரம் வந்த ஒரு பொம்பளை ஊசி போட்டு ஒரு மணி கழித்தும் ஒன்பது என்கிறாள், அவளைப் பார்த்துவிட்டுக் கைடு என்னைக் கிழிக்கிறார். இன்னொரு ஆளை எல்லாம் எழுதி முடித்த பிறகு, காலையில் வலி மாத்திரை போட்டேன் என்கிறான், அவனையும் கழிக்க வேண்டியதாகிவிட்டது. இப்படியே போனால் பரீட்சை எழுத முடியாது, படிப்பு அம்போதான்.

அம்மா மீனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "சரி, விடு. ஆளுதானே வேணும்?" என்றாள்.

அம்மா மகளிர் குழுவில் தலைவி. குழுக் கூட்டத்தில் அவள் சொன்னால் தெரு கேட்கும், பக்கத்து இரண்டு ஊரும் கேட்கும். என் புலம்பலில் அவளுக்குப் புரிந்தது மூன்று விஷயம். கல்லடைப்பு வந்தவர்கள் பாப்பாவிடம், அதாவது என்னிடம், போக வேண்டும். மாத்திரை போட்டாயா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும். ஊசிக்குப் பிறகு சின்ன எண்ணாகச் சொன்னால் பாப்பா பாஸ். எந்த எண் என்று கூட்டத்தில் விவாதமே நடந்திருக்கிறது. சைபர் என்றால் பெரிய டாக்டர் நம்ப மாட்டார், ஒன்று என்றால் ஓரவஞ்சனை மாதிரி இருக்கும். ரெண்டு என்று முடிவாகியிருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பஸ் பிடித்து, ஆட்டோ பிடித்து, வழியில் இரண்டு ஆஸ்பத்திரிகளைத் தாண்டி, விலாவைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார்கள். யாரும் மாத்திரை தொட்டதே இல்லை. ஒரு மணி கழித்துக் கேட்டால் எல்லோருக்கும் ரெண்டு. ஊசி போட்டவருக்கும் ரெண்டு, டிரிப் போட்டவருக்கும் ரெண்டு. கைடு முதல்முறையாக என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அவர்களில் எங்கள் தெருக்கோடியிலிருந்து வந்த ஒரு பெண், வலியில் கட்டிலின் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தவள், நான் வாயைத் திறக்குமுன்னே "ரெண்டு" என்றாள். இன்னும் மருந்தே போடவில்லையே என்றேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, "அப்ப ரெண்டு இப்ப இல்லீங்களா? அப்பறமாத்தான் சொல்லணுமா?" என்று கேட்டாள்.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இருந்துவிட்டேன். தாளில் பத்து என்று எழுதி, மருந்தைப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து கேட்டேன். சரியாகச் சொன்னாள். நானும் சரியாக எழுதிக்கொண்டேன்.

மாசி மாதம் ஒரு காலையில் சித்தப்பா வந்தார். அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் சுமை தூக்குபவர். சம்பா அறுவடை முடிந்து மூட்டைகள் மலையாகக் கிடக்கிற நேரம். மூட்டையைக் குத்தித் தூக்குகிற கொக்கி இடுப்பில் செருகியபடியே, சித்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, பாதியாக மடங்கி வந்தார். வியர்வை சொட்டியது. அப்படி வந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"நான் எத்தனையாவது ஆளு பாப்பா?"

"அம்பத்தொம்போது சித்தப்பா."

"அப்ப இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். இந்த எழவு வலி தீரட்டும், நானே ஒருத்தன இழுத்தாந்துர்றேன்."

படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். வலி மாத்திரை போடுகிற பழக்கம் உண்டா என்று கேட்டேன். "நானா? மாத்திரைன்னா என்னன்னே தெரியாதே," என்றார். சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எங்கள் பக்கம் மெடிக்கல் ஷாப்பில் "உடம்பு வலிக்கு ஒரு செட்" என்று கேட்டால், நாலைந்து மாத்திரைகளை அட்டையிலிருந்து கத்தரித்துச் சின்ன பேப்பர் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் அதைப் போடாமல் வேலையில் இறங்குவதில்லை. அதில் ஒன்றாவது இந்த வீக்க ஊசியின் மாத்திரை வடிவமாக இருக்கும். இது எனக்குத் தெரியாமலா? பள்ளிக்கூடம் படிக்கும்போது அந்தக் கவுண்டரில் எட்டி நின்று "சித்தப்பாவுக்கு ஒரு செட்டுங்க" என்று வாங்கி வந்தவளே நான்தான். வாரத்துக்கு மூன்று நாலு தடவை போயிருப்பேன். அப்படியிருந்தும் "இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். ஐம்பத்தொன்பது, ஐம்பத்தொன்பது என்றுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

கவரைப் பிரித்தேன். ஊசி. கையெழுத்து வாங்குமுன் மருந்தைப் பற்றி விளக்க வேண்டும் என்பது விதி. அவருக்குப் புரிகிற மாதிரி வாய்க்காலை வைத்துச் சொன்னேன். கீழே அடைத்துக்கொண்டது, மேலே தண்ணீர் ஏறிக் கரை உடையப் பார்க்கிறது, அதனால் இந்த ஊசி மேலே மதகை லேசாக இறக்கிவிடும் என்றேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தார்.

"மேல மதகை எறக்குனா கடைமடை காஞ்சிருமே பாப்பா?"

கைடுகூட என்னிடம் கேட்காத கேள்வி அது. எங்கள் ஊரே கடைமடை. தண்ணீர் வராமல் பயிர் கருகுவது என்னவென்று பேராசிரியரைவிட மூட்டை தூக்குகிறவருக்கு நன்றாகத் தெரியும். "ஒரு நாளைக்கெல்லாம் ஒண்ணும் காயாது சித்தப்பா, கையெழுத்தப் போடுங்க," என்று பேனாவை நீட்டினேன். பெரிய டாக்டரம்மா மாதிரி ஒரு அதட்டல் வேறு. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கோணல்மாணலாகப் போட்டார்.

ஊசி போட்டேன். அரை மணியில் "நாலு" என்றார். ஒரு மணி நேரம் ஆனதும் படிவத்தோடு போய் நின்றேன். கடிகாரம், தாள், பேனா. குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் கட்டிலுக்கு வெளியே நீட்டியிருந்த அவருடைய கால்கள் மட்டும் கண்ணில் பட்டன. பத்து விரலும் உள்ளே மடங்கி இறுகியிருந்தன.

"பத்துக்கு எத்தனை சித்தப்பா?"

"ரெண்டு."

எழுதினேன். மாத்திரை எழுதினேன், அதுவும் அதே ஊசியின் மாத்திரை வடிவம்தான். திங்கட்கிழமைக்கு ஸ்கேன் சீட்டு எழுதினேன். வந்ததும் சோதனைக்கு எடுத்த ரத்தத்தின் முடிவு இரண்டு நாள் கழித்து வரும். என் பட்டியலுக்கு அது தேவைப்படவில்லை, நான் போய்ப் பார்க்கவில்லை. அந்த வாரமே அறுபதாவது ஆளும் கிடைத்துவிட்டான். விடுதி அறைத்தோழிகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை நெல் ஏற்ற லாரி வந்துவிட்டது, சித்தப்பா ஸ்கேனுக்குப் போகவில்லை. நான் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டார், கூடவே செட்டையும் போட்டுக்கொண்டார். மூன்று வாரம் கழித்து ஆம்புலன்ஸில் வந்தபோது முகம் உப்பியிருந்தது, காய்ச்சல் அனலாகக் கொதித்தது, இரண்டு நாளாகச் சிறுநீரே இறங்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். இடது கிட்னி எப்போதோ சுருங்கிப் போயிருந்தது. வேலை செய்துகொண்டிருந்த ஒரே கிட்னி வலது. கல் அந்தப் பக்கத்துக் குழாயில்தான். உள்ளே சீழ் கட்டியிருந்தது. குழாய் வைத்துச் சீழை இறக்கினார்கள். உயிர் தங்கியது, கிட்னி தங்கவில்லை.

முதல் நாள் எடுத்த ரத்தத்தின் முடிவைப் போய்த் தேடினேன். ஃபைலுக்குள் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. யாராவது பிரித்துப் பார்த்திருந்தால் கிட்னி நொந்திருப்பது அப்போதே தெரிந்திருக்கும். பார்க்க வேண்டியவள் நான் மட்டும்தான்.

வார்டு வராந்தாவில் சித்தி ஒரு மஞ்சள் பையைத் தரையில் கவிழ்த்தாள். சின்னச் சின்ன பேப்பர் கவர்கள், காலியானதும் பிரிக்காததுமாக.

"ஒங்கிட்ட வந்த அன்னிக்குக் காலையிலகூடப் போட்டுட்டுத்தான் வந்தாரு," என்றாள். "நீ கேட்டா இல்லைன்னு சொல்லணும்னு அக்காதான் சொன்னாங்க. பாப்பா படிப்பு போயிரும்னாங்க."

அக்கா என்றால் என் அம்மா. அவளும் பக்கத்தில்தான் நின்றாள். நான் அவளைப் பார்த்து, வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "அவர இந்தக் கதிக்கு ஆளாக்குனது நீதான். எழுத்து வாசனை இல்லாத நீ எதுக்கு என் படிப்புல கைய வச்ச?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். நான் படிக்க வேண்டும் என்பதற்காக இருபது வருஷம் அடுத்தவர் வயலில் குனிந்து நடவு நட்டவள். அவளைப் பார்த்து இதைச் சொன்னபோது, பழியை இறக்கி வைக்க ஒரு இடம் கிடைத்ததே என்று எனக்கு உள்ளூர ஆறுதலாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் கைடிடம் போனேன். என் தெருக்காரர்கள் சொன்ன எண்கள் எல்லாம் சொல்லிக்கொடுத்தவை, ஐம்பத்தொன்பதாவது ஆள் என் சித்தப்பா, அவரைச் சேர்த்திருக்கவே கூடாது, எல்லோரையும் நீக்கிவிடலாம் என்றேன். அவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"ஒரு மணி நேரத்துல ரெண்டு. சரியாத்தானே இருக்கு," என்றார். "உன் தலைப்பு அந்த ஒரு மணி நேரம் மட்டுந்தாம்மா. அதுக்கப்புறம் நடந்தது கிட்னி டிபார்ட்மென்ட். இவங்கள எல்லாம் எடுத்துட்டா இன்னும் ஒரு வருஷம் ஆகும், உக்காந்திருக்கியா?"

உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நிம்மதியாக இருந்தது எனக்கு. வெட்கங்கெட்ட நிம்மதி. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, அந்த வாரமே அச்சுக்குக் கொடுத்தேன். ஊசி நன்றாக வேலை செய்கிறது என்று முடிவுரையில் எழுதியிருக்கிறேன். அந்த ஊசி நல்ல ஊசிதான், அதன்மேல் எனக்கு வழக்கு இல்லை. ஆளைப் பார்த்துப் போட்டால் நிஜமாகவே வலியைக் குறைக்கும். இன்றைக்கும் சீர்காழிப் பக்கம் நான் வேலை பார்க்கிற சின்ன ஆஸ்பத்திரியில் அதைப் போடுகிறேன். பாஸான அன்று தெருவில் மறுபடியும் ஃப்ளக்ஸ் வைத்தார்கள். வாழ்த்துவோர் வரிசையில் முதல் படம் சித்தப்பாவுடையது. உப்பிப்போன முகத்தோடு எடுத்த புதுப்படம்.

இப்போது அவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் தண்ணீர்தான் என்று கணக்கு. ஆற்றில் தண்ணீர் வந்தால் முதல் ஆளாகப் போய்க் காலை நனைக்கிற மனிதர், இப்போது நாக்கை நனைக்கச் சித்தியிடம் கெஞ்சுகிறார். சித்தி அம்மாவோடு பேசுவதில்லை. என்னோடு பேசுகிறாள், அதுதான் கொடுமை. டாக்டர் என்பதால் மரியாதையாகப் பேசுகிறாள். "வாங்க", "சொல்லுங்க" என்கிறாள். முன்பெல்லாம் வாடி, போடிதான்.

போன மாதம் ஒரு மத்தியானம் டயாலிசிஸ் சென்டருக்குப் போயிருந்தேன். சித்தி சாப்பிடப் போயிருந்தாள். நர்ஸ் வந்து அவர் கையில் இரண்டு தடித்த ஊசிகளை ஏற்றிவிட்டுப் போனாள். அந்தக் கையில் ஊசி ஏறாத இடமே இல்லை, புடைத்துக் கன்றிப்போயிருந்தது. தொழில் புத்தி, வாயில் தானாக வந்துவிட்டது.

"வலி எவ்வளவு சித்தப்பா? பத்துக்கு?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இத எதுலயாவது எழுதப்போறியா?"

"இல்ல. எதுலயும் எழுதமாட்டேன்."

"ஒம்படிப்புக்கு ஒண்ணும் ஆவாதே?"

"படிப்பெல்லாம் முடிஞ்சுபோச்சு சித்தப்பா."

"அப்ப பத்து," என்றார்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். "அன்னைக்கு? ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு?"

"அன்னைக்கும் பத்துதான்." கோபம் எதுவும் இல்லாமல், விலை சொல்கிற மாதிரி சொன்னார். "எங்க தெரிஞ்சிருமோன்னு பயந்துக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். நீ பேப்பரயே பாத்துக்கிட்டு நின்ன. ஒரு தரம் நிமிந்து என் மொகத்தப் பாத்திருந்தீன்னா, என்னால பொய் சொல்லியிருக்க முடியாது பாப்பா."